பாட்டுக்கு வாசிக்கும் ட்ரம்மர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்ல ட்ரம்மர் யார் என்று பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் பேச்சு வேகத்தில் போய் நிற்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை அடி, காலில் எவ்வளவு வேகம், சோலோவில் எத்தனை குச்சி உடைந்தது என்று. மிருதங்கக்காரர்களைப் பற்றி நாம் சொல்லும் ஒரு பாராட்டு உண்டு: "பாட்டுக்கு வாசிக்கிறார்." தன் திறமையைக் காட்டாமல் பாட்டுக்கு வேண்டியதை வாசிக்கிறார் என்று அர்த்தம். இதைவிடப் பெரிய பாராட்டு அந்த உலகில் அதிகம் இல்லை. அதற்குத் தகுந்தவர்கள் ஜாஸிலும் ராக்கிலும் ஃபங்க்கிலும் ரெகேயிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள். இது முழுப் பட்டியல் இல்லை. என் காதுக்குப் பிடித்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே இடம் பிடித்திருக்கிறார்கள்.

எல்லா ட்ரம்மரும் பாட்டுக்குத்தானே வாசிக்கிறார்கள்? இதில் என்ன தனியாக?

ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு பாட்டிலிருந்து மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ட்ரம்ஸை மட்டும் ஒலிக்கவிடுங்கள். அது எந்தப் பாட்டு என்று சொல்ல முடிகிறதா? பெரும்பாலான பாட்டுகளில் முடியாது. அதே தாளத்தைத் தூக்கி வேறு நூறு பாட்டுக்குக் கீழே வைக்கலாம், பொருந்திவிடும். பீட்டில்ஸின் 'கம் டுகெதர்' (1969) அப்படி இல்லை. ஹை-ஹேட்டில் (காலால் திறந்து மூடும் சிம்பல் ஜோடி) தொடங்கி டாம்களில் (செட்டில் வரிசையாக இருக்கும் ட்ரம்கள்) உருண்டு இறங்கும் அந்த வாசிப்பு இரண்டு விநாடி கேட்டாலே போதும், பாட்டு தெரிந்துவிடும். ரிங்கோ ஸ்டார் அங்கே தாளம் போடவில்லை, பாட்டின் ஒரு வரியை எழுதியிருக்கிறார் என்றுதான் சொல்வேன்.

ட்ரம்ஸில் சுரமே கிடையாதே. உணர்ச்சி எங்கிருந்து வரும்?

சுரம் இல்லை என்பது பாதி உண்மைதான். தோலை இறுக்கினால் ஒலி மேலே போகும், தளர்த்தினால் கீழே வரும். ஒரு ட்ரம் செட்டில் இருக்கும் டாம்களை ஒன்றுக்கொன்று எவ்வளவு இடைவெளியில் சுருதி கூட்டுவது என்பது ஒவ்வொரு ட்ரம்மரின் சொந்த முடிவு. ஜாஸ் ட்ரம்மர் மாக்ஸ் ரோச் தன் ட்ரம்களை உயரமாக, தெளிவாகக் கூட்டிவைப்பார். அவர் வாசித்தால் டாம்களில் ஒரு மெட்டு கேட்கும். இன்னொரு ஜாஸ் ட்ரம்மர் ஆர்ட் பிளேக்கி ஒரு படி மேலே போய், ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையின் முழங்கையால் தோலை அழுத்தி ஒலியை வளைப்பார்.

அப்புறம் சிம்பல். ரைடு சிம்பலின் (தாளத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் பெரிய சிம்பல்) நடுக்குமிழில் அடித்தால் மணி போல ஒரு ஒலி, பரப்பில் குச்சி நுனியால் தொட்டால் வேறு, விளிம்பில் அடித்தால் அலை போலப் பரவுவது வேறு. ஹை-ஹேட்டை ஒரு மயிரிழை திறந்தால் கூட நிறம் மாறும். ஸ்னேர் என்ற ட்ரம்மின் அடியில் கம்பிகள் இருப்பதால் அதில் கிசுகிசுப்பும் முடியும், துப்பாக்கி வெடிப்பதும் முடியும்.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியமானது சத்த அளவு. ஒரே நேரத்தில் நான்கு கைகால்கள் வேலை செய்யும்போது எது முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்று முடிவு செய்வதில்தான் ஒரு ட்ரம்மரின் குரல் இருக்கிறது. ஒரே தாளத்தை இரண்டு பேர் வாசித்து, ஒருவர் மட்டும் நம்மை அசையவைத்தால் காரணம் அநேகமாக இதுதான்.

முதலில் யாரைக் கேட்கலாம்? ஒரே ஒரு பாட்டுச் சொல்லுங்கள்.

பால் சைமனின் 'ஃபிஃப்டி வேஸ் டு லீவ் யுவர் லவர்' (1975). ட்ரம்ஸ் ஸ்டீவ் கேட். பாட்டு ட்ரம்ஸில்தான் தொடங்குகிறது. ராணுவ அணிவகுப்பில் வாசிக்கும் ஸ்னேர் போல ஒன்று, ஆனால் யாரோ அடுத்த அறையில் தூங்குகிறார்கள், எழுப்பிவிடக் கூடாது என்பது போல வாசிக்கிறார். கேட் உண்மையிலேயே அமெரிக்க ராணுவ இசைக்குழுவில் இருந்தவர், அந்தக் கை அங்கே பழகியது. சரணம் முழுக்க அந்த முணுமுணுப்பு. பல்லவி வந்ததும் அதையெல்லாம் தூக்கி வைத்துவிட்டு மிகச் சாதாரணமான ஒரு தாளத்துக்கு மாறுகிறார். சரணத்தில் மனசுக்குள் குழப்பம், பல்லவியில் விளையாட்டுத்தனம். பாட்டின் சொற்கள் செய்வதையே ட்ரம்ஸும் செய்கிறது.

இரண்டாவதாக ஒன்று வேண்டுமென்றால் அவரே ஸ்டீலி டேன் குழுவுக்கு வாசித்த 'ஆஜா' (1977). அங்கே அவர் வேறு ஆள். கடைசியில் ஒரு பெரிய சோலோ வருகிறது, சாக்ஸஃபோனோடு சண்டையும் பேச்சும் கலந்தது போல.

ரிங்கோ ஸ்டார் சாதாரண ட்ரம்மர்தானே? ஏன் இவ்வளவு பேச்சு?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ரிங்கோ இடது கைக்காரர், ஆனால் வலது கைக்காரருக்கு அடுக்கிய ட்ரம் செட்டில் வாசித்தார். அதனால் டாம்களைச் சுற்றி வரும்போது மற்றவர்களுக்கு இயல்பாக வரும் வழி அவருக்கு வராது. இடது கையால் தொடங்க வேண்டியிருப்பதால் ஒரு சின்னத் தயக்கம், ஒரு தள்ளாட்டம் ஒட்டிக்கொள்ளும். அதை அவர் பாணியாகவே ஆக்கிக்கொண்டார். பின்னாளில் டாம்கள் மேல் துணி போட்டு ஒலியை அடக்கி வாசித்ததால் 'தொம், தொம்' என்று ஒரு மரத்த ஒலியும் கிடைத்தது.

'எ டே இன் த லைஃப்' (1967) கேளுங்கள். ஜான் லெனன் ஒரு வரி பாடி நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் ரிங்கோவின் டாம்கள் பதில் சொல்கின்றன. ஒவ்வொரு பதிலும் வேறு. தாளத்தைக் காப்பாற்றும் அவசரமே இல்லாத வாசிப்பு அது. 'ரெயின்' (1966) இன்னொன்று. ரிங்கோவுக்கே தன் வாசிப்பில் மிகப் பிடித்தது அதுதான். சோலோ என்றால் அவருக்கு ஆகாது. பீட்டில்ஸ் பதிவுகளில் அவர் வாசித்த ஒரே சோலோ 'தி எண்ட்' பாட்டில் வருகிறது, அதுவும் சில விநாடிகள்தான்.

ஜாஸ் ட்ரம்ஸ் எனக்கு வெறும் சளசளப்பாகக் கேட்கிறது. எப்படிப் பிடிப்பது?

பொறுமையாகப் போவோம், இங்கேதான் சரக்கு அதிகம்.

முதலில் காதை மாற்றிவைக்க வேண்டும். ராக்கில் தாளம் காலால் அடிக்கும் பேஸ் ட்ரம்மிலும் ஸ்னேரிலும் நிற்கும். ஜாஸில் அது ரைடு சிம்பலுக்கு ஏறிவிட்டது. அந்த 'டிங், டிங்க-டிங்'தான் நம் சர்வலகு மாதிரி, ஓடிக்கொண்டே இருக்கும். இடது கையும் கால்களும் அதன் மேல் சுதந்திரமாகப் பேசும். கீழே தேடிக்கொண்டிருந்தால் சளசளப்பாகத்தான் கேட்கும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) தொகுப்பில் முதல் பாட்டு 'சோ வாட்'. ட்ரம்ஸ் ஜிம்மி காப். மெட்டு முடிந்து மைல்ஸின் ட்ரம்பெட் நுழையும் அந்த நொடியில், சுமார் ஒன்றரை நிமிடத்தில், காப் ஒரே ஒரு சிம்பலை அடிக்கிறார். அது பரவி, மெல்லத் தேய்ந்து, ட்ரம்பெட்டின் கீழே ஒரு விரிப்பு போலக் கிடக்கிறது. ஒரே அடி. அதற்குப் பிறகு அவர் செய்வதெல்லாம் சிம்பலை ஓட்டிக்கொண்டிருப்பதுதான். இதில் என்ன இருக்கிறது என்று தோன்றினால் அந்த இடத்தை மட்டும் மூன்று முறை கேளுங்கள்.

அடுத்து பால் மோஷியன். 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பில் எவன்ஸ் ட்ரையோ வாசித்த பதிவுகள். பியானோ எவன்ஸ், பேஸ் ஸ்காட் லஃபாரோ, ட்ரம்ஸ் மோஷியன். அடுத்த 11 நாளில் லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார், அந்த மூவர் கூட்டணியின் கடைசிப் பதிவு இதுதான். மோஷியன் பெரும்பாலும் குச்சிக்குப் பதில் கம்பி பிரஷ்ஷால் ஸ்னேரைத் தேய்க்கிறார். தாளத்தை எண்ணிக் காட்டுவதில்லை. மூவருக்கும் தாளம் எங்கே இருக்கிறது என்று தெரியும், யாரும் அதை வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பின்னணியில் கிளப்பில் கோப்பைகள் உரசும் சத்தம்கூடக் கேட்கும். சில இடங்களில் அதற்கும் மோஷியனின் சிம்பலுக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, டோனி வில்லியம்ஸ். 1963-ல் மைல்ஸ் குழுவில் சேரும்போது அவருக்கு வயது 17. 1967-ல் பதிவான 'நெஃபர்டிடி' பாட்டில் ஒரு விசித்திரமான ஏற்பாடு: ட்ரம்பெட்டும் சாக்ஸஃபோனும் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கின்றன, கடைசிவரை அவர்களுக்கு சோலோவே கிடையாது. மாறுவதெல்லாம் கீழேதான். முதல் முறை கேட்டபோது பதிவு எங்கோ சிக்கிக்கொண்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அதே மெட்டு ஒவ்வொரு முறையும் வேறு முகம் காட்டுகிறது. முகத்தை மாற்றிக்கொண்டிருப்பவர் வில்லியம்ஸ். பக்கவாத்தியம் முன்னால் வந்து, பாட்டு பக்கவாத்தியமாக ஆகிவிட்ட பதிவு.

கடைசியாக எல்வின் ஜோன்ஸ். ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9-ல் பதிவானது. எல்வினிடம் இரண்டு கையும் இரண்டு காலும் தனித்தனியாக வேலை செய்வதாகத் தோன்றாது. மூன்று மூன்றாகப் பிரியும் அடிகள் ட்ரம் செட் முழுக்கச் சுழன்று ஒரே அலையாக வரும். தாளத்தின் தொடக்கம் எங்கே என்று தேடினால் தலை சுற்றும், அலையின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் சுகம். 'பர்சூவன்ஸ்' பகுதி அவருடைய சோலோவில்தான் தொடங்குகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது கடைசிப் பகுதியான 'சாம்'. கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனையைச் சொல் சொல்லாக சாக்ஸஃபோனில் ஓதுகிறார். தாளமே இல்லை. எல்வின் டிம்பனியை உருட்டி, தூரத்து இடி போல விட்டுக்கொண்டிருக்கிறார். அவ்வளவு முரட்டுக் கைக்காரரால் இவ்வளவு அடங்கி வாசிக்க முடிகிறது.

ட்ரம் சோலோ வந்தால் எழுந்து போய்விடுகிறேன். தவறா?

தவறே இல்லை. பாதி சோலோக்கள் அதற்குத்தான் லாயக்கு.

ஆனால் இரண்டைக் கேட்டுவிட்டு எழுந்து போங்கள். ஒன்று மாக்ஸ் ரோச்சின் 'த ட்ரம் ஆல்சோ வால்ட்ஸஸ்' (1966). வேறு வாத்தியமே இல்லை. கால்கள் இரண்டும் மூன்றடி வால்ட்ஸ் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்கின்றன: பேஸ் ட்ரம் ஒன்று, ஹை-ஹேட் இரண்டு. இந்தத் தரையின் மேல் கைகள் ஒரு வாக்கியம் சொல்கின்றன, நிறுத்துகின்றன, அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கின்றன. இடையில் காலின் தாளம் மட்டும் தனியாகக் கேட்கும் இடங்கள்தான் அழகு. நல்ல தனி ஆவர்த்தனத்தில் வித்வான் ஒரு சொல்லை எடுத்து வளர்ப்பாரே, அதே முறை.

இன்னொன்று டேவ் புரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' (1959), ஜோ மொரெல்லோ. ஐந்து எண்ணிக்கைத் தாளம். நம் காதுக்குக் கண்ட சாபு பழக்கம் என்பதால் அங்கே தடுமாற மாட்டோம். பியானோ அதே சின்னச் சொற்றொடரை விடாமல் வாசித்துக்கொண்டிருக்க, மொரெல்லோ அடிகளைக் குறைத்துக்கொண்டே போகிறார். காத்திருப்பதே சோலோவாக இருக்கிறது. மொரெல்லோ சின்ன வயதில் வயலின் படித்தவர். இந்த நிதானத்துக்கு அது காரணமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஃபங்க் ட்ரம்மர்கள் பாட்டு முழுக்க ஒரே தாளத்தைத்தானே அடிக்கிறார்கள்? இதில் வெளிப்பாடு எங்கே?

பலமான அடிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே இருப்பதைக் கேளுங்கள். ஸ்னேரில் இடது கைக் குச்சி சும்மா தொட்டுத் தொட்டுப் போகும். காதில் விழுந்தும் விழாமலும் இருக்கும் அந்த அடிகளுக்கு கோஸ்ட் நோட் என்று பெயர். இரண்டு பலத்த அடிகளுக்கு நடுவில் நான்கைந்து கிசுகிசுப்பு. நம்மை ஆடவைப்பது அவைதான், நாம் பாராட்டுவது மட்டும் பலத்த அடியை.

இதில் பெரிய கைக்காரர் பெர்னார்ட் பர்டி. அவர் பெயரிலேயே 'பர்டி ஷஃபிள்' என்று ஒரு தாளம் இருக்கிறது. ஸ்டீலி டேனின் 'ஹோம் அட் லாஸ்ட்' (1977) கேட்டால் பிடிபடும். அதையும் ஜான் பான்ஹம் லெட் செப்பெலினில் வாசித்த 'ஃபூல் இன் த ரெயின்' (1979) தாளத்தையும் கலந்து ஜெஃப் போர்க்காரோ டோட்டோ குழுவின் 'ரோஸானா'வை (1982) செய்தார். மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள். ஒரே குடும்பம், ஆனால் பர்டி நடக்கிறார், பான்ஹம் துள்ளுகிறார், போர்க்காரோ வழுக்கிக்கொண்டு போகிறார்.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் வாசித்தவர். 'ஃபங்கி ட்ரம்மர்' பாட்டில் மற்ற வாத்தியங்கள் நின்று அவர் மட்டும் தொடரும் சில வரிகள் வருகின்றன. ஹிப்-ஹாப் வந்தபோது அந்தச் சில வரிகளை வெட்டி எடுத்துப் பயன்படுத்தாதவர்களே இல்லை எனலாம். உலகில் மிக அதிகமாகத் திரும்பப் பயன்பட்ட ட்ரம் பதிவுகளில் அது ஒன்று. பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பெயரில் இருந்ததால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதிலிருந்து பணம் வரவில்லை. 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டில் கிரெகரி கோல்மன் வாசித்த ஏழு விநாடிக்கும் இதே கதைதான். ஒரு முழு இசை வகையே அந்த ஏழு விநாடியின் மேல் எழுந்து நிற்கிறது, அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஃபங்க் ட்ரம்மர் ஒரே தாளத்தைத்தானே அடிக்கிறார் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது: அப்படியானால் அதை ஏன் எல்லாரும் திருட வேண்டியிருந்தது?

நியூ ஆர்லியன்ஸ் ஊர்வல இசையின் வாசனை வேண்டுமென்றால் மீட்டர்ஸ் குழுவின் ஸிகாபூ மாடலிஸ்டே, 'சிஸி ஸ்ட்ரட்' (1969).

'பீட்டுக்குப் பின்னால் வாசிக்கிறார்' என்கிறார்களே, தாளம் தவறுவதுதானா அது?

தவறுவது வேறு, தள்ளி வைப்பது வேறு. தள்ளி வைப்பவர் ஒவ்வொரு முறையும் அதே அளவு தள்ளி வைப்பார்.

1965-ல் வில்சன் பிக்கெட்டின் 'இன் த மிட்நைட் அவர்' பதிவின்போது தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் ஸ்டுடியோவுக்குள் வந்து, அப்போது இளைஞர்களிடம் பரவியிருந்த ஒரு நடனத்தை ஆடிக் காட்டினார். அந்த ஆட்டத்தின் அசைவுக்கு ஏற்ப ட்ரம்மர் ஆல் ஜாக்சன் ஜூனியர் ஸ்னேர் அடியை ஒரு துளி தாமதமாக வைத்தார். அந்தத் துளித் தாமதம் பிறகு ஸ்டாக்ஸ் கம்பெனிப் பதிவுகளின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பின்னாளில் ஆல் கிரீன் பாட்டுகளிலும் ஜாக்சனைக் கேட்கலாம். குறைவாக வாசிப்பதில் அவரை மிஞ்சியவர் இல்லை என்பது என் கட்சி.

ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ் (1941–2021) ஸ்னேரில் அடிக்கும்போதெல்லாம் ஹை-ஹேட்டிலிருந்து வலது கையைத் தூக்கிவிடுவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். அதனால் ஸ்னேர் அடி தனியாக, துடைத்துவைத்தது போலக் கேட்கும், தாளத்திலும் ஒரு சின்ன மூச்சு விழும். மனசளவில் அவர் கடைசிவரை ஜாஸ்காரர்.

இதில் ஒரு வேடிக்கை, இந்தத் தள்ளாட்டத்தை மிக நுணுக்கமாகச் செய்தவர் ட்ரம்மரே இல்லை. ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா (1974–2006) அடிகளைத் தானாக ஒழுங்குபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு, தாள இயந்திரத்தின் பட்டன்களைக் கையால் தட்டித் தாளம் அமைத்தார். ஹை-ஹேட் ஒரு பக்கம், ஸ்னேர் ஒரு பக்கம் என்று இழுபடும் தாளங்கள். அதைக் கேட்டுவிட்டு நிஜ ட்ரம்மர்கள் உட்கார்ந்து அப்படி வாசிக்கப் பழகினார்கள். டி'ஏஞ்சலோவின் 'வூடூ' (2000) தொகுப்பில் க்வெஸ்ட்லவ் வாசிப்பது அந்தப் பழக்கத்தின் விளைவு.

ரெகே, ஆஃப்ரோபீட் எல்லாம் இதில் வருமா?

வராமல் எப்படி. பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பேரட் வாசித்தது 'ஒன் டிராப்'. நான்கில் முதல் அடியை, எல்லாரும் ஓங்கி அடிக்கும் அந்த இடத்தை, காலியாக விட்டுவிடுவார். பேஸ் ட்ரம் மூன்றாவது அடியில்தான் விழும். தாளத்தின் தலைவாசலில் ஆளே இல்லை. அந்தக் காலி இடத்தில் அவருடைய அண்ணன் ஆஸ்டன் பேரட்டின் பேஸ் கிடார் உலாவும். இங்கிலாந்தில் போலீஸ் குழுவின் ஸ்டூவர்ட் கோப்லண்ட் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டு, ஆனால் எதிர்த்திசையில், பீட்டுக்கு முன்னால் ஓடுவது போன்ற அவசரத்தோடு வாசித்தார். அவருடைய ஹை-ஹேட்டை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

டோனி ஆலன் (1940–2020) லாகோஸில் பிறந்தவர், தானாகவே கற்றுக்கொண்டவர். நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியோடு சேர்ந்து, ஜாஸும் ஃபங்க்கும் மேற்கு ஆப்பிரிக்க இசையும் கலந்த ஆஃப்ரோபீட்டை உருவாக்கியதில் பாதிப் பங்கு அவருடையது. பாட்டுகள் பத்து, பதினைந்து நிமிடம் ஓடும். அத்தனை நேரமும் ஆலனின் நான்கு கைகால்களும் நான்கு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது போல நடக்கும். யாரும் குரலை உயர்த்துவதில்லை, யாரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுவதில்லை. வேர்வையே வராதது போன்ற வாசிப்பு. 'வாட்டர் நோ கெட் எனமி' (1975) நல்ல தொடக்கம். சமைக்கும்போதோ நடக்கும்போதோ ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்காது, பத்தாவது நிமிடத்தில் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

ஜான் பான்ஹம், மெட்டல் எல்லாம் வெறும் சத்தம்தானே?

பான்ஹமை (1948–1980) அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'வென் த லெவி பிரேக்ஸ்' (1971) பாட்டின் ட்ரம்ஸை ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் வைத்து, மேல் தளத்திலிருந்து மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தப் பிரம்மாண்டம் பாதி அந்தக் கூடத்துடையது. அவர் கை எவ்வளவு பலமோ அவ்வளவு மென்மையும் தெரிந்தது. பலத்த அடிக்குப் பக்கத்திலேயே கோஸ்ட் நோட்டுகள் கிடக்கும்.

பிளாக் சபாத்தின் பில் வார்டும் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், 'வார் பிக்ஸ்' (1970) பாட்டில் அந்த ஊசலாட்டம் தெரியும். பிற்கால மெட்டலில் சிக்கல் என்னவென்றால், பல பதிவுகளில் நிஜ அடிகளுக்குப் பதிலாகச் சேமித்து வைத்த ஒலிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் நேராக்கிவிடுகிறார்கள். ட்ரம்மர் மேடையில் எப்படி வாசிப்பார் என்று அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டூல் குழுவின் டேனி கேரி இதிலிருந்து தப்பியவர்களில் ஒருவர், தபலாவும் கற்றவர்.

பெண் ட்ரம்மர்கள் யாரும் இல்லையா?

நிறைய உண்டு, பட்டியல்களில்தான் இல்லை. கேரன் கார்பென்டரை (1950–1983) உலகம் பாடகியாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. அவர் முதலில் ட்ரம்மர். பாட்டுப் பிரபலமானதும் ட்ரம்ஸிலிருந்து எழுப்பி மேடை முன்னால் நிற்கவைத்துவிட்டார்கள். வெல்வெட் அண்டர்கிரவுண்டின் மோ டக்கர் பேஸ் ட்ரம்மைப் படுக்கவைத்து, நின்றுகொண்டே, பஞ்சு முனைக் குச்சிகளால் வாசித்தார். சிம்பலை அநேகமாகத் தொடவே மாட்டார். அந்தக் குழுவின் விட்டேத்தியான ஒலிக்கு அதைவிடப் பொருத்தமாக வேறு எதுவும் இருந்திருக்காது. ஜாஸில் டெரி லின் கேரிங்டன். சிறந்த ஜாஸ் வாத்தியத் தொகுப்புக்கான கிராமி விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான், 2014-ல்.

மிருதங்கம், தபலா, கடம் வாசிப்பவர்களை இதில் சேர்க்கலாமா?

தாராளமாக. சொல்லப்போனால் இந்தப் பக்கத்துக்கான அளவுகோலே அங்கிருந்து எடுத்ததுதான். பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) பழைய பதிவுகளில், பாடகர் சொல்லை எங்கே நிறுத்துகிறாரோ அங்கே மிருதங்கமும் மூச்சு விடும். மிருதங்கத்தில் கனத்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும் கும்கி, அழுத்தமான ஒரு சொல்லுக்குப் பிறகு வந்தால் அது தாளக்கருவியின் ஒலி என்றே தோன்றாது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் (1908–1962) தொப்பிக்காகவே பதிவுகளைத் தேடி அலைபவர்கள் இருக்கிறார்கள்.

ஜாஸ் பக்கம் பாலம் போட்டவர்கள் என்றால் சக்தி குழு. ஜாகிர் ஹுசைனின் தபலாவும் விக்கு விநாயகராமின் கடமும் ஜான் மெக்லாஃப்லினின் கிடாரோடு 1970-களில் பேசிய பேச்சு இன்னும் பழசாகவில்லை. கடத்தின் வாயை வயிற்றில் ஒட்டியும் விலக்கியும் ஒலியைத் திறந்து மூடுவதைக் கவனியுங்கள். ஹை-ஹேட்டை ட்ரம்மர் காலால் செய்வதை அவர் வயிற்றால் செய்கிறார். த்ரிலோக் குர்து இரண்டையும் சேர்த்துவிட்டார்: தரையில் மண்டியிட்டு, தபலாவும் ட்ரம்களும் கலந்த ஒரு செட், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஒலிக்கும் உலோகத்தைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அதன் சுருதி வழுக்கிக்கொண்டு போகும்.

அப்படியானால் வேகமாக வாசிப்பது குற்றமா?

இல்லை. டோனி வில்லியம்ஸைவிட வேகமானவர்கள் ஜாஸில் குறைவு. வேகம் கையில் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

சமீப காலத்தில் யாரைக் கேட்பது?

ஒருவரைச் சொல் என்றால் பிரயன் பிளேட் (பிறப்பு 1970). வேய்ன் ஷார்ட்டர் குழுவோடு வாசித்த 'ஃபுட்பிரிண்ட்ஸ் லைவ்!' (2002) தொகுப்பில், நிமிடக் கணக்கில் சிம்பலைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, திடீரென்று கூரை இடிந்து விழுவது போல ஒரு அடி அடிப்பார். அடுத்த நொடி மறுபடி தடவல். அந்த அடி எப்போது வரும் என்று குழுவில் இருப்பவர்களுக்கே தெரியாது போலிருக்கிறது. அதே மனிதர் ஜோனி மிட்செல் போன்றவர்களுக்குப் பின்னால் இருக்குமிடம் தெரியாமல் வாசித்திருக்கிறார்.

இன்னொருவர் மார்க் கிலியானா. மின்னணு இசையின் இயந்திரத் தாளங்களை நிஜ ட்ரம்ஸில் கொண்டுவந்தவர். டேவிட் போவியின் கடைசித் தொகுப்பான 'பிளாக்ஸ்டாரில்' (2016) கேட்கலாம்.

ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் போதுமா?

போதாது. பேஸ் ட்ரம் காணாமல் போகும், கோஸ்ட் நோட்டுகள் அழிந்துவிடும், பிரஷ் வாசிப்பு வெறும் இரைச்சலாகும். விலை அதிகமான கருவி வேண்டாம், சாதாரண இயர்ஃபோன் போதும். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வைத்துக் கேளுங்கள், மெல்லிய அடிகளைக் காது தேடிப்போக ஆரம்பிக்கும்.

நான் ட்ரம்ஸ் கற்கிறேன். இவர்களைக் கேட்டு என்ன செய்வது?

உடனே குச்சியை எடுக்காதீர்கள். முதலில் ட்ரம்ஸ் பகுதியை வாயால் சொல்லிப் பாருங்கள். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் தெரிந்திருந்தால் நல்லது, தெரியாவிட்டாலும் 'டும், டக், ட்ஸ்' என்று நீங்களே சொற்கட்டு அமைத்துக்கொள்ளலாம். மெல்லிய அடியை மெல்லவும் பலத்த அடியைப் பலமாகவும் சொல்ல வேண்டும். வாயில் வராதது கையில் வராது.

பிறகு ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதற்கு மிகக் குறைவாக எவ்வளவு வாசித்தால் பாட்டு நிற்கும் என்று பாருங்கள். ஸ்னேர் வேண்டுமா? சிம்பல் இல்லாமல் முடியுமா? ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, பாட்டு கேட்கும்போது மட்டும் திரும்பச் சேருங்கள். வாசிப்பதைப் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள், அன்றே கேட்டால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். நான் அப்படிக் கேட்ட முதல் பதிவில் என் ஹை-ஹேட் பாடகரையே மூழ்கடித்திருந்தது. வாசிக்கும்போது அது எனக்குத் தெரியவே இல்லை.